டப்பாவைத் திருப்பிப் பாருங்கள்

"அக்கா, புல் சிந்தெட்டிக் ஊத்தலாமாக்கா?"

திண்டுக்கல்லில் அப்பா ஆரம்பித்த டூ வீலர் ஸ்பேர் பார்ட்ஸ் கடையை இப்போது நான் பார்த்துக்கொள்கிறேன். கேபிள், பிளக், பிரேக் ஷூ என்று எது கேட்டாலும் ஒரு நொடியில் எடுத்துக் கொடுத்துவிடுவேன். இந்தக் கேள்விக்கு மட்டும் எதிர்க்கேள்வி போடுவேன். "என்ன வண்டி தம்பி? எங்க ஓட்டுற? ஒரு நாளைக்கு எவ்வளவு ஓடும்?" சிலருக்கு முகம் சுருங்கும். ஆயில் வாங்க வந்தால் ஜாதகம் கேட்கிறாளே என்று.

ஆயிரம் ரூபாய் டப்பாவை வந்தவர் தலையில் கட்டுவது ஒன்றும் கஷ்டமான காரியமில்லை. பையன்கள் வீடியோ பார்த்து, பாதி முடிவெடுத்துவிட்டுத்தான் வருகிறார்கள். ஆனால் வீட்டுக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் போய்வரும் ஸ்பிளெண்டரில் அதை ஊற்றியவர், அடுத்த முறை விலையை நினைத்தே ஆயில் மாற்றுவதைத் தள்ளிப்போடுவார். அது அவர் இன்ஜினுக்கும் நல்லதில்லை, என் வியாபாரத்துக்கும் நல்லதில்லை. அதனால் டப்பாவை எடுத்துக் கவுன்டரில் வைத்ததும் நான் செய்கிற முதல் வேலை, அதைத் திருப்பி வைப்பது. முன்பக்கம் முழுக்கத் தீப்பொறியும் ரேஸ் வண்டியும்தான். வேண்டிய சங்கதி பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கிறது.

ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். காரில் இன்ஜினுக்கு ஓர் ஆயில், கியர் பாக்ஸுக்கு வேறு ஆயில். கிளட்ச் உலர்ந்தே இருக்கும். நம்முடைய பெரும்பாலான கியர் பைக்குகளில் அப்படி இல்லை. பிஸ்டன், கேம், கியர் பற்கள், கிளட்ச் பிளேட் எல்லாம் அந்த ஒரே லிட்டரில்தான் குளிக்கின்றன. பிஸ்டன் பக்கம் வழுக்க வேண்டும். கிளட்ச் பக்கம் பிடிக்க வேண்டும். ஒரே ஆயிலிடம் இந்த இரண்டையும் எதிர்பார்க்கிறோம். பைக் ஆயில் தேர்வில் இருக்கிற சிக்கல் முழுக்க இதில்தான் தொடங்குகிறது. (ஆர்எக்ஸ்100 போன்ற டூ ஸ்ட்ரோக் வண்டி வைத்திருப்பவர்கள் இந்தக் கட்டுரையைத் தாண்டிப் போகலாம். உங்கள் 2டி ஆயில் பெட்ரோலோடு சேர்ந்து எரிந்து போகிற சமாச்சாரம்.)

மாமா காருக்கு வாங்கியதில் ஒரு லிட்டர் மீந்ததென்று தன் 150 சிசி வண்டியில் ஊற்றிக்கொண்டான் ஒரு பையன். விலை உயர்ந்த, நல்ல கம்பெனி சிந்தெட்டிக். ஊருக்குள் ஒன்றும் தெரியவில்லை. பின்னால் நண்பனை ஏற்றிக்கொண்டு சிறுமலை ஏறியபோது, கொண்டை ஊசி வளைவுகளில் ஆக்சிலேட்டரைத் திருகினால் இன்ஜின் அலறுகிறது, வண்டி நகரவில்லை. கிளட்ச் ஸ்லிப். கருகிய வாடையோடு இறங்கி வந்தான். ஆயில் மட்டமானதில்லை, காருக்கு அது நல்ல ஆயில். பெட்ரோல் மிச்சமாக வேண்டும் என்பதற்காகக் கார் ஆயில் பலவற்றில் உராய்வைக் குறைக்கும் ரசாயனம் சேர்க்கிறார்கள். கிளட்ச் பிளேட் வேலை செய்வதே உராய்வை வைத்துத்தான். டப்பாவின் பின்னால் 'ஏபிஐ' என்ற தர முத்திரை வட்டமாக இருக்கும். அதன் கீழ்ப்பாதியில் 'எனர்ஜி கன்சர்விங்' அல்லது 'ரிசோர்ஸ் கன்சர்விங்' என்று இருந்தால் கியர் பைக்குக்கு அது வேண்டாம். அந்தப் பையனுக்கு ஆயிலை வடித்து, சரியானதை ஊற்றிக் கொஞ்சம் ஓட்டி, மறுபடி வடித்து ஊற்றினார்கள். பிளேட் தப்பியது. எல்லாருக்கும் தப்பாது.

ஜப்பானிய பைக் கம்பெனிகள் தொண்ணூறுகளிலேயே இந்தத் தொல்லையைப் பார்த்துவிட்டன. கார் ஆயில்கள் பெட்ரோல் சிக்கனத்தை நோக்கிப் போகப்போக பைக் கிளட்ச் வழுக்கியது. அதனால் 1998இல் ஜாசோ டி903 என்று நான்கு ஸ்ட்ரோக் பைக் ஆயிலுக்கெனத் தனித் தரம் கொண்டுவந்தார்கள். கிளட்ச் பிளேட்டை ஆயிலில் முக்கி எவ்வளவு பிடிக்கிறது என்று அளந்து பார்ப்பார்கள். நன்றாகப் பிடித்தால் எம்ஏ, வழுக்கினால் எம்பி. 2006இல் எம்ஏவையே எம்ஏ1, எம்ஏ2 என்று பிரித்தார்கள். எம்ஏ2 இருப்பதிலேயே அதிகம் பிடிக்கும் வகை. முறையாகப் பதிவு செய்த ஆயிலில் சின்னப் பெட்டி மாதிரி ஒரு முத்திரை இருக்கும். மேலே பதிவு எண், கீழே எம்ஏ2 என்றோ எம்பி என்றோ. சில டப்பாக்களில் பெட்டி இருக்காது, 'எம்ஏ2 தரத்தை எட்டுகிறது' என்று ஒரு வரி மட்டும் இருக்கும். அது கம்பெனி தானே சொல்லிக்கொள்வது. பெட்டி இருப்பதை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்கூட்டரில் கிளட்ச் உலர்ந்தது, பெல்ட்டோடு தனியாக இருக்கிறது. அதற்கு எம்பி போதும், நல்லதும்கூட. அப்படியானால் கியர் வண்டிக்கு எம்ஏ, ஸ்கூட்டருக்கு எம்பி என்று மனப்பாடம் செய்துகொள்ளலாமா? அதுவும் முடியாது. ஹோண்டா நம் நாட்டில் விற்கும் ஷைன், யூனிகார்ன் போன்ற கியர் வண்டிகளுக்கும் கையேட்டில் 10டபிள்யூ-30 எம்பி என்றே போட்டிருக்கிறது. கிளட்சை அதற்குத் தகுந்தபடி அமைத்திருக்கிறார்கள். ஆகவே வீடியோ, மெக்கானிக், நான் எல்லோரும் ஒரு பக்கம், வண்டியோடு கொடுத்த கையேடு ஒரு பக்கம் என்றால், கையேட்டையே கேளுங்கள். சீட்டுக்கு அடியில் பிளாஸ்டிக் கவர்கூடப் பிரிக்காமல் கிடக்கும், எடுத்துப் பாருங்கள்.

இனி எண்கள். 10டபிள்யூ-30, 20டபிள்யூ-40, 15டபிள்யூ-50. இதில் டபிள்யூ என்பது குளிர்காலம். முன் எண், குளிரில் ஆயில் எவ்வளவு இளக்கமாக இருக்கும் என்பதைச் சொல்கிறது. 20டபிள்யூ ஆயிலில் இன்ஜின் சுழலுமா என்று சோதிப்பது மைனஸ் 15 டிகிரியில். 10டபிள்யூவில் மைனஸ் 25 டிகிரியில். கொடைக்கானலில் மார்கழி இரவில் வண்டியை வெளியே நிறுத்தினாலும் அந்தக் குளிர் வராது. நமக்கு முக்கியம் பின் எண். 100 டிகிரி செல்சியஸில், அதாவது இன்ஜின் சூடாக ஓடும்போது, ஆயில் எவ்வளவு கெட்டியாக நிற்கிறது என்பதுதான் அது. 30 என்றால் 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக் வரை, 40 என்றால் 16.3 வரை, 50 என்றால் 21.9 வரை. சென்டிஸ்டோக் என்பது ஆயில் எவ்வளவு தயங்கி ஓடுகிறது என்பதை அளக்கும் அலகு. எண் கூடினால் கெட்டி கூடும், தரம் கூடுவதில்லை.

இதைச் சொன்னால் பழைய மெக்கானிக்குகள் என்னோடு சண்டைக்கு வருவார்கள். "வண்டி சத்தம் போடுது, இருபது அம்பது ஊத்து பாப்பா, அடங்கிரும்" என்பார்கள். அடங்கும்தான். தேய்ந்த இடைவெளியைக் கெட்டி ஆயில் நிரப்பும், டேப்பட் சத்தம் குறையும். ஆனால் 10டபிள்யூ-30க்காகச் செய்த இன்ஜினில் ஆயில் போகிற வழிகள் குறுகலானவை. காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஹெட்டுக்கு ஆயில் ஏறத் தாமதமாகும், மைலேஜும் குறையும். ரிங் தேய்ந்து புகை தள்ளுகிற வண்டிக்கு, வேலை செய்யப் பணம் சேரும்வரை ஒரு படி கெட்டியாக ஊற்றி ஓட்டுவதில் எனக்கு ஆட்சேபமில்லை. புது வண்டிக்கு ஏன்? பல பல்சர்களுக்கு பஜாஜ் 20டபிள்யூ-50 சொல்கிறது, ராயல் என்ஃபீல்டு தன் 350க்கு 15டபிள்யூ-50 சொல்கிறது. ஸ்பிளெண்டருக்கு ஹீரோ 10டபிள்யூ-30 சொல்கிறது. ஒவ்வொன்றும் அந்தந்த இன்ஜினின் இடைவெளியைப் பார்த்துச் சொன்னது.

எண்ணும் ஜாசோ எழுத்தும் பொருந்திய பிறகுதான் 'சிந்தெட்டிக்' என்ற பேச்சுக்கே வர வேண்டும். பலர் அதில் தொடங்கி அதிலேயே முடித்துவிடுகிறார்கள்.

டப்பாவில் இருப்பதில் முக்கால் பங்குக்கு மேல் அடிப்படை எண்ணெய், மிச்சம் சேர்மானங்கள். இந்த அடிப்படை எண்ணெயை ஐந்து குரூப்பாகப் பிரிக்கிறார்கள். முதல் இரண்டும் கச்சா எண்ணெயிலிருந்து சுத்திகரித்து எடுப்பவை, அதாவது மினரல். சென்னை மணலியில் 1969இல் உற்பத்தியைத் தொடங்கிய சுத்திகரிப்பு ஆலையும் இப்படி அடிப்படை எண்ணெய் தயாரிக்கிறது. மூன்றாவதும் கச்சா எண்ணெயிலிருந்து வருவதுதான். ஆனால் அதிக அழுத்தத்தில் ஹைட்ரஜனைச் செலுத்தி மூலக்கூறுகளையே உடைத்துத் திருத்திவிடுகிறார்கள். நான்காவது பாலி ஆல்ஃபா ஓலெஃபின். தொழிற்சாலையில் வேதியியல் முறையில் கட்டியெழுப்பியது. ஐந்தாவதில் மற்ற எல்லாம். பைக்குக்கு அதில் முக்கியமானது எஸ்டர்.

முதலில் நான்கும் ஐந்தும்தான் சிந்தெட்டிக். தொண்ணூறுகளின் கடைசியில் அமெரிக்காவில் காஸ்ட்ரால் தன் சிந்தெட்டிக் ஆயிலில் நான்காம் குரூப்பை எடுத்துவிட்டு மூன்றாம் குரூப்பைப் போட்டது. மொபில் போய் விளம்பரங்களைக் கண்காணிக்கும் அமைப்பிடம் முறையிட்டது. 1999இல் தீர்ப்பு காஸ்ட்ராலுக்குச் சாதகமாக வந்தது. மூன்றாம் குரூப்பையும் சிந்தெட்டிக் என்று சொல்லிக்கொள்ளலாம். அதற்குப் பிறகு கடைகளில் 'புல் சிந்தெட்டிக்' என்று அடுக்கியிருப்பதில் நிறைய மூன்றாம் குரூப்தான். இதை ஏமாற்று வேலை என்று நான் சொல்ல மாட்டேன். இன்றைய மூன்றாம் குரூப் எண்ணெய் நல்ல சரக்கு. ஆனால் எல்லா சிந்தெட்டிக்கும் ஒன்று என்று நினைத்து விலையை ஒப்பிடாதீர்கள். 'செமி சிந்தெட்டிக்' இன்னும் மங்கலான விஷயம். எத்தனை சதவீதம் என்று டப்பா சொல்லாது.

எஸ்டர் பற்றி ஒரு வேடிக்கை. 1971இல் மோட்டுல் 300வி என்று எஸ்டர் கலந்த ரேஸ் ஆயில் வந்தபோது அது புதுமை. ஆனால் நம் பாட்டிமார் பிள்ளைகளுக்கு வாயைப் பிடித்துப் புகட்டிய விளக்கெண்ணெயும் இயற்கையில் கிடைக்கும் ஓர் எஸ்டர்தான். எஸ்டர் மூலக்கூறு உலோகத்தை விடாமல் ஒட்டிக்கொள்ளும் தன்மை உடையது. முதல் உலகப் போர் விமானங்களின் சுழல் இன்ஜின்கள் ஆமணக்கு எண்ணெயில் ஓடின. காஸ்ட்ரால் என்ற பெயரே ஆமணக்குக்கான ஆங்கிலப் பெயரிலிருந்து வந்தது. சூட்டில் பிசினாகிவிடும் என்பதால் அதைக் கைவிட்டு வேறு எஸ்டர்களைச் செய்தார்கள்.

சரி, கூடுதல் காசுக்கு என்ன கிடைக்கிறது? மினரல் எண்ணெயில் மூலக்கூறுகள் சிறிதும் பெரிதுமாகக் கலந்து கிடக்கும். சிந்தெட்டிக் சலித்த மணல் மாதிரி ஓரளவு ஒரே சீராக இருக்கும். சூடேறும்போது சின்னவை முதலில் ஆவியாகிப் போகும். எவ்வளவு போகிறது என்று 250 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து அளக்கும் நோவாக் சோதனையே இருக்கிறது. சிந்தெட்டிக்கில் இந்த இழப்பு குறைவு. சூட்டில் காற்றுப்பட்டுக் கெட்டுப்போவதும் மெதுவாகத்தான் நடக்கும்.

இன்னொன்று, பைக்கில் மட்டும் பெரிதாகத் தெரிவது. 20டபிள்யூ-50 போல முன்னெண்ணும் பின்னெண்ணும் விலகி இருக்க வேண்டுமானால், மினரல் எண்ணெயில் நீண்ட பாலிமர் சங்கிலிகளைக் கலக்க வேண்டும். சூட்டில் அவை விரிந்து ஆயிலைக் கெட்டியாக வைத்திருக்கும். ஆனால் பைக் ஆயில் கியர் பற்களுக்கு நடுவிலும் போய் வருகிறது. பற்கள் அந்தச் சங்கிலிகளை வெட்டிப் போடும். 50ஆக ஊற்றியது கொஞ்ச நாளில் 40 பக்கம் இறங்கிவிடும். ஆயில் மாற்றிய புதிதில் வெண்ணெயாக விழுந்த கியர் போகப்போக முரண்டு பிடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். நல்ல சிந்தெட்டிக்குக்கு அந்தச் சங்கிலிகள் குறைவாகவே தேவை. வெட்டுப்படவும் குறைவாகவே இருக்கும்.

இப்போது "எங்க ஓட்டுற?" என்று நான் கேட்பது எதற்கென்று புரியும். சித்திரை வெயிலில் காலையிலிருந்து இரவு வரை சாப்பாட்டுப் பொட்டலத்தோடு ஊரைச் சுற்றுகிற தம்பியின் ஏர் கூல்டு வண்டி, சிக்னலில் நிற்கும்போது காற்றே இல்லாமல் வேகிறது. அவனுக்கு சிந்தெட்டிக் கொடுப்பேன். ஆனால் அவன் ஒரு மாதத்தில் மூவாயிரம் கிலோமீட்டரைத் தாண்டிவிடுவதால் விலை கையைக் கடிக்கலாம். அப்போது நல்ல செமி சிந்தெட்டிக்கைக் கொடுத்து, நாள் தவறாமல் மாற்றச் சொல்வேன். டியூக், ஆர்15 போல வேகமாகச் சுழலும் இன்ஜின்களுக்கு சிந்தெட்டிக்தான், அதில் பேச்சில்லை. வத்தலகுண்டு வழியாக வாராவாரம் கொடைக்கானல் ஏறுபவருக்கும் கொடுப்பேன். ஐந்து கிலோமீட்டர் போய், நிறுத்தி, திரும்பி வருகிற வாத்தியாரின் வண்டிக்கு? அவர் இன்ஜின் சரியாகச் சூடாவதற்குள் பள்ளிக்கூடம் வந்துவிடுகிறது. எரியாத பெட்ரோலும் ஈரமும் ஆயிலில் சேர்கின்றன. அவருக்கு வேண்டியது நல்ல மினரல் ஆயில். கிலோமீட்டர் ஆகாவிட்டாலும் வருஷத்துக்கு ஒரு தடவையாவது மாற்றம்.

சிந்தெட்டிக் ஊற்றினால் பத்தாயிரம் கிலோமீட்டர் வரை தொடவே வேண்டாம் என்று ஒரு பேச்சு இருக்கிறது. கையேடு பத்தாயிரம் சொன்னால் சரி. சில புது ராயல் என்ஃபீல்டு வண்டிகளுக்கு அப்படித்தான் சொல்கிறார்கள். ஸ்பிளெண்டருக்கு ஆறாயிரத்தில் மாற்றம், நடுவில் மூவாயிரத்தில் டாப்-அப். ஆயில் மாறிவிட்டதென்று இந்தக் கணக்கை இரட்டிப்பாக்காதீர்கள். கிளட்ச் பிளேட்டின் தூளும் கியரின் இரும்புப் பொடியும் சிந்தெட்டிக் என்று பார்த்துச் சேராமல் இருக்காது. சில மெக்கானிக்குகள் ஆயிலை இரண்டு விரலில் தேய்த்துப் பார்த்து "கறுத்துருச்சு, போச்சு" என்பார்கள். கறுப்பை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. உள்ளே இருக்கிற புகைக்கரியைக் கழுவி எடுத்துத் தன்னுள் வைத்துக்கொள்கிற ஆயில் கறுக்கத்தான் செய்யும்.

எங்கள் கடைக்கு எதிர்வரிசையில் மெக்கானிக் ஷெட் வைத்திருக்கும் அண்ணன் ஒருநாள் கூப்பிட்டுக் காட்டினார். பழைய பேப்பரில் ஒரு கேம் ஷாஃப்ட். கண்ணாடி போல மின்ன வேண்டிய மேடுகளில் கோடு கோடாகக் கீறல், ஓரத்தில் சூட்டில் நீலம் பாய்ந்த நிறம். பெரிய வண்டி, சென்னையிலிருந்து ஒரே மூச்சில் வந்தது. என்ன ஆயில் என்று கேட்டேன். என் கடையில் இருப்பதிலேயே விலை அதிகமானதைச் சொன்னார்.

"ஆயில் நல்ல ஆயில்தான் பாப்பா. உள்ள இல்ல, அவ்வளவுதான்."

வேகமாக ஓட்டினால் இன்ஜின் கொஞ்சம் ஆயில் குடிக்கும். உள்ளே இருப்பதே ஒரு லிட்டர், ரெண்டு லிட்டர். அதில் அரை லிட்டர் போனால் எந்தப் பிராண்டும் காப்பாற்றாது. வண்டியை நேராக நிறுத்தி, சில நிமிடம் ஓடவிட்டு, அணைத்து, ரெண்டு மூணு நிமிடம் பொறுத்து அளவைப் பாருங்கள். புல்லட்டிலும் பல்சரிலும் கண்ணாடி வட்டம் இருக்கும். ஹீரோ, ஹோண்டா வண்டிகளில் டிப்ஸ்டிக். அதைத் துடைத்து உள்ளே விட்டுச் சும்மா வைத்து எடுக்க வேண்டும், திருகிப் பார்க்கக் கூடாது. திருகினால் ஆயில் குறைவாக இருந்தும் நிறைய இருப்பதாகக் காட்டும். அளவுக்கு மேல் ஊற்றுவதும் தப்பு.

மினரல் ஊற்றிய வண்டியில் சிந்தெட்டிக் ஊற்றலாமா என்று பயப்படுவார்கள். தாராளமாக மாறலாம். வழியில் அவசரமென்றால் இரண்டையும் கலந்துகூட டாப்-அப் செய்யலாம், ஒன்றோடொன்று கலக்கும். ஆயில் இல்லாமல் ஓட்டுவதைவிட எவ்வளவோ மேல். பிறகு சமயம் பார்த்து மொத்தமாக வடித்துவிடுங்கள்.

போலிச் சரக்கைப் பற்றிச் சொல்லாவிட்டால் குறையாகிவிடும். கழிவு ஆயிலை வடிகட்டிப் பழைய டப்பாவில் அடைத்துப் புதிதென்று விற்கிறார்கள். அதற்குப் பழைய டப்பா வேண்டுமே. மூடியோடு, கீறல் இல்லாத டப்பாவுக்கு மட்டும் சில பழைய இரும்புக்காரர்கள் கூடுதல் விலை சொல்வது எதற்கென்று யோசித்துப் பாருங்கள். மூடிக்குக் கீழே இருக்கும் வளையம் திறக்கும்போதுதான் அறுபட வேண்டும். முன்பே அறுந்திருந்தால் வாங்காதீர்கள். பேட்ச் எண் அழித்து எழுதியது போல இருந்தாலும் வேண்டாம். பில் கேளுங்கள். உங்கள் கண் முன்னால் திறந்து ஊற்றச் சொல்லுங்கள். காலி டப்பாவை ஸ்க்ரூடிரைவரால் ஒரு குத்துக் குத்திவிட்டுப் போடுங்கள்; நான் கடையில் அப்படித்தான் செய்கிறேன்.

வடித்த ஆயிலை எதிர் ஷெட் அண்ணன் டிரம்மில் சேர்க்கிறார். கட்டிட வேலைக்காரர்கள் சென்ட்ரிங் பலகையில் தடவ வாங்கிப்போவது எல்லா ஊரிலும் உள்ள பழக்கம். சட்டப்படி வடித்த ஆயில் அபாயகரக் கழிவு. 2024 ஏப்ரல் முதல் ஆயில் தயாரிப்பவர்களுக்கே கழிவு ஆயிலைத் திரும்பச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பையும் கொடுத்திருக்கிறார்கள். எங்கள் தெருவுக்கு அப்படிச் சேகரிக்கும் வண்டி வரும்வரை டிரம் அங்கேதான் இருக்கும். சாக்கடையில் மட்டும் ஊற்றாதீர்கள்.

கடைசியாக, ஒரு லிட்டர் வாங்கி உங்கள் வண்டி தொள்ளாயிரம்தான் பிடித்ததென்றால், மீந்த நூறு மில்லியை மெக்கானிக்கிடம் விட்டுவிட்டு வராதீர்கள். மூடியை இறுக்கி, வண்டி எண்ணையும் கிலோமீட்டரையும் மேலே எழுதி, வீட்டில் பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். அடுத்த டாப்-அப்புக்கு அதே ஆயில் கையில் இருக்கும்.